கோதடிக்குள் குல்ஃபி

எங்கள் சித்தப்பா தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்பவர். விடியற்காலையில் அவித்த இட்லிகளை அலுமினிய டப்பாவில் அடுக்கி, பழைய சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்த கோதடியை அதைச் சுற்றிக் கட்டிவிடுவார். பத்து மணிக்குத் திறந்தாலும் ஆவி முகத்தில் அடிக்கும். இதைப் பார்த்தே வளர்ந்த எனக்குச் சூட்டைப் பற்றி உறுதியான கொள்கை ஒன்று இருந்தது. கோதடி சூடு தரும். காற்று குளிர்ச்சி தரும். இதில் யாரும் என்னை அசைக்க முடியாது.

அந்தக் கோடை விடுமுறையில் இரண்டு ரயில் ஏறிப் போகவேண்டிய சான்பாடாவில் இருக்கும் அத்தை மகனிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவன் வீட்டில் பெரிய ஃபிரிட்ஜ் உண்டு. அதற்குத் தகுந்த திமிரும் உண்டு. எங்கள் சந்தில் போடுகிற குல்ஃபி உங்கள் பில்டிங் பக்கம் கிடைக்காது, உன் பிறந்தநாளுக்கு நானே கொண்டுவருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன்.

"அரே, நீ வர்றதுக்குள்ள அது தூத் ஆயிடும், பாலாத்தான் குடிக்கணும்" என்று சிரித்தான். எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

பிறந்தநாளன்று சித்தப்பா குல்ஃபிகளை வாங்கிவந்து, கழுவிய இட்லி டப்பாவில் போட்டார். பிறகு கொஞ்சமும் யோசிக்காமல் அதே கோதடியை எடுத்துச் சுற்றினார். நான் அலறிவிட்டேன். இட்லியைச் சூடாக வைக்கிற கோதடி குல்ஃபியை மட்டும் சும்மா விடுமா? அம்மாவுக்கும் நான் சொல்வது நியாயமாகப் பட்டது. அழுது அடம்பிடித்து, பாதிக் குல்ஃபிகளை என் பங்காகத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டேன்.

நானும் சித்தப்பாவும் சயானில் ரயில் ஏறி, குர்லாவில் ஹார்பர் லைன் வண்டிக்கு மாறினோம். ஜன்னலோரம் இடம் பிடித்து, சட்டியின் மூடியைத் திறந்து, காற்று நன்றாக உள்ளே போகும்படி மடியில் வைத்துக்கொண்டேன். மே மாத நண்பகல். அந்தக் காற்று என் முகத்தையே தீய்த்தது. ஆனாலும் காற்று காற்றுதானே. பெருமையோடு உட்கார்ந்திருந்தவள் அப்படியே தூங்கிப் போனேன். சான்பாடாவில் சித்தப்பா எழுப்பியபோது சட்டி மூடியோடு அவர் கையில் இருந்தது.

அத்தை வீட்டில் அவரே சட்டியைத் திறந்தார். உள்ளே என் குல்ஃபிகள் கல் மாதிரி இருந்தன. அத்தை மகன் ஒன்றைக் கடித்துப் பல் கூசி நெளிந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து இட்லி டப்பாவைத் திறந்தால், பாலில் குச்சிகள் மிதந்தன.

"ஏட்டி, நீ சொன்னதுதான் சரி. கோதடி என் காலை வாரிட்டு" என்றார் சித்தப்பா.

இட்லிக்காரனை நம்பிக் குல்ஃபியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று அத்தை கேலி செய்ய, வீடே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காற்றின் மகிமையைச் சாயங்காலம் வரை விளக்கிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர், கம்பளி தானாகச் சூடு தராது என்றார். சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். கம்பளி அந்தப் போக்கைத் தடுக்கும், அவ்வளவுதான். பனிக்கட்டியைச் சுற்றினால் அதுகூடச் சீக்கிரம் உருகாது என்றார். நான் எழுந்து நின்று, என் கண்ணெதிரே கோதடிக்குள் குல்ஃபி பாலான கதையைச் சொன்னேன். அப்படி நடக்க வழியே இல்லை என்று சிரித்தார் டீச்சர். முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: நான் தூங்கிய நேரத்தில், ஓடுகிற வண்டியில் ஒருவர் குல்ஃபிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றியிருக்கிறார்.

அந்தப் பிறந்தநாளன்று அத்தை வீட்டில் அந்தப் பாலை டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு, ஒரு வாய் குடிச்சுப் பாருட்டி" என்று சித்தப்பா என்னிடம் நீட்டினார். தோற்றவருடைய பால் எனக்கு எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.