அரைக்கதவுக்குப் பின்னால் வந்த வேஷம்

எல்லை எங்கே போகும் என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த வருஷம், நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தூர் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்பது பெரியவர்கள் கவலை. எங்கள் கவலை திருப்பதி காலேஜ். மார்க் மட்டும் போதாது, படிப்பைத் தவிர வேறென்ன செய்தாய் என்று நேரில் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றார் தலைமையாசிரியர். உடனே சாரணர் படையில் சேர்ந்தேன். சேவையாவது மண்ணாங்கட்டியாவது! எல்லாம் காக்கி அரைக்கால் சட்டைக்கும் விசிலுக்கும்தான்.

என் சிநேகிதன் பள்ளி நாடகத்தில் சேர்ந்தான். அவன் அப்பாவுக்குப் பகலில் வயல் கூலி, திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் கூத்து. ‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்பார்களே, அவர் இரண்டு திக்கும் பார்த்து அலுத்த மனிதர்.

“நான் ஆடிக்கினு கீறது போதாதா? காலேஜ்காரங்ககிட்ட கூத்து கீத்துன்னு வாயத் தொறந்த, சீட்டு குடுக்கமாட்டாங்கடா.”

“எனக்கு வர்றது அதுதான் நைனா” என்றான். சீட்டு கிடைக்காவிட்டால் மறுநாளே கரும்பு வெட்டப் போகவேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். அப்படியும் மாறவில்லை. அந்த நெஞ்சுரம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

நேர்காணலுக்கு மூவரும் பஸ் ஏறினோம். அவன் அப்பா வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சாரணன் என்றதும் கயிற்றைக் கொடுத்து ஒரு முடிச்சுப் போடச் சொன்னார்கள். நான் போட்டதில் ஒரு ஆட்டுக்குட்டிகூட நிற்காது.

அடுத்து அவன். அந்த அறைக்கு அரைக்கதவு. அதன் மேல் இரண்டு கையையும் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“எவரய்யா அதி?” என்று உள்ளேயிருந்து தெலுங்கில் கேட்டார் முதல்வர்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் வேஷக்காரன் சட்டென்று முன்னால் வரமாட்டான். இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நிற்பான். யாரய்யா நீர் என்று கட்டியக்காரன் கேட்டதும், தான் யார், எதற்கு வந்தோம் என்று பாடிய பிறகுதான் திரை விலகும். பாவி, அரைக்கதவைத் திரையென்று எடுத்துக்கொண்டான்! கண்ணை மூடி, காலால் தாளம் தட்டி, தெலுங்கிலேயே எடுத்துவிட்டான். கூலிக்காரன் மகன் வந்தேன், சேற்றில் நின்ற காலோடு வந்தேன், படிக்க இடம் கேட்டு வந்தேன்.

தொலைந்தான் என்று நினைத்தேன். ஆனால் அடடா, என்ன குரல்! டீ கொண்டுபோன பியூன்கூட நடுவழியில் நின்றுவிட்டார்.

அவன் கடைசி அடியை முடித்த மறுகணம், வேப்பமரத்தடியிலிருந்து அதே அடி திரும்பி வந்தது. கூத்தில் ஒருவர் விட்டதை இன்னொருவர் பின்பாட்டாக வாங்கிப் பாடவேண்டும். பழகின வாய் சும்மா இருக்குமா? பாடி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதல்வரே எழுந்து வந்து கதவைத் திறந்தார். “வெளியில் பாடியது யார்?”

“எங்க நைனா சார். கூத்தாடறவரு.” துளிகூடக் குரல் இறங்கவில்லை.

“அவரையும் உள்ளே கூப்பிடு.”

அவர் வந்தார். வாசலில் நின்று துண்டால் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனார்.

அவனுக்கு இடம் உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு இல்லை. திரும்பும் பஸ்ஸில், சொன்ன பேச்சைக் கேட்காத மகனைத் திட்டப்போகிறார் என்று பார்த்தேன்.

“ரெண்டாவது அடியில தாளம் தப்பிச்சேடா” என்றார் புத்தூர் நெருங்கும்போது. சொல்லிவிட்டு, பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க, அழுதார்.