விரிப்பின் மறுமுனை

ஓட்டல் சலவைக்கூடத்தில் பெரிய விரிப்புகளைத் தனியாளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பதினெட்டு வருடமாக அதே வேலையில் இருந்தவளை எல்லோரும் மடிப்பக்கா என்றே கூப்பிட்டார்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுடைய தங்கைக்கு அதே கூடத்தில் துவைக்கும் பக்கம் வேலை. அம்மா போன பிறகு, அம்மாவின் தையல் மிஷினை ஒரு வார்த்தை கேட்காமல் தங்கை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. உடன்பிறந்தவரோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய்ச் சமாதானமாகு, பிறகு பீடத்துக்கு வா என்கிறது பைபிள். அதனால் இரண்டு வருடமாக அவள் நற்கருணை வாங்கவில்லை. மாதா கோவிலில் அதை வாங்க வரிசை எழும்பும்போது, கடைசி பெஞ்சில் குடையைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வாள். நெஞ்சு மட்டும் வரிசையோடு போய்வரும்.

மறுமுனை பிடிப்பவள் பௌத்தம் பழகுகிறவள். கோபமே வராததால் சாந்தசொரூபி என்று பெயர்.

"உங்க பாடு தேவலை," என்றாள் மடிப்பக்கா ஒருநாள். "கண்ணை மூடி, எல்லாரும் நல்லா இருக்கட்டும்னு நினைச்சா முடிஞ்சுது. நாங்க அவ மூஞ்சியிலயே போய் முழிக்கணும்."

"உக்காந்து பாரு, தெரியும். கரப்பான்பூச்சியை அடிக்கக் கூடாது, வீட்டுக்காரர்கிட்ட ஒரு பொய் சொல்லக் கூடாது. தப்பு பண்ணினா மன்னிக்க உனக்கு மேலே ஒருத்தர் இருக்கார். எனக்கு நானே திருடன், நானே போலீசு."

"அப்போ உன் வழி எனக்கு, என் வழி உனக்குன்னு ஒரு வாரம் மாத்திக்கலாமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். சாந்தசொரூபி தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் மதியம் துணி அறையில், மடித்த துண்டுகள்மேல் மடிப்பக்கா கண்ணை மூடி உட்கார்ந்தாள். அவள் விட்ட குறட்டையில், நீராவிக் குழாய்தான் வெடிக்கப் போகிறதென்று சூப்பர்வைசர் ஓடிவந்தார். அடுத்த இரண்டு நாளும் மனம் தையல் மிஷினையே சுற்றிச் சுற்றி வந்தது. துரத்தாமல் பார்த்துக்கொண்டிரு என்று சாந்தசொரூபி சொல்லியிருந்தாள். பார்த்தாள். நாலாம் நாள், மறந்தே போயிருந்த ஒன்று ஞாபகம் வந்தது. மிஷினுக்குப் பக்கத்தில் அவளே நிற்கிறாள். அதில் கால் இடித்துக்கொண்டு கத்துகிறாள்: "இந்த ஓட்டை மிஷினை யாருக்காவது குடுத்துத் தொலை!"

மடிப்பக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து வெளியே வந்தால், துவைக்கும் பக்கத்தில் சாந்தசொரூபியும் தங்கையும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சாந்தசொரூபி அவளிடம் வந்தாள். "உங்க வழியில போய்ச் சமாதானம் பண்ணணுமே? நாலு நாள் தேடிட்டேன், எனக்குச் சண்டைக்கு ஆளே இல்லை. அதான் உன் ஆளை எடுத்துக்கிட்டேன். உனக்குப் பதிலா மன்னிப்புக் கேட்டுட்டேன்."

"அடிப்பாவி! மிஷினைக் குடுத்தவ அவ. மன்னிப்பு நானா..." துணி அறையில் ஞாபகம் வந்தது குறுக்கிட, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆள் வெச்சுக் கேட்டா செல்லாதாம். உன் தங்கச்சிதான் சொன்னா."

தங்கை விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாந்தசொரூபி அதிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, இரண்டு முனையை மடிப்பக்காவிடமும் மற்ற இரண்டைத் தங்கையிடமும் கொடுத்தாள். "கை வலிக்குதுன்னு சொல்லிட்டு நகரலாம்னு பாத்தேன். பொய் சொல்லக் கூடாதே. அதனால சும்மாவே போறேன்."

இருவரும் விரிப்பை உதறினார்கள். மடித்துப் பழக்கமில்லாத தங்கை கோணலாக நடந்து வந்தாள். முனைகள் சேர்ந்தபோது முகமும் பக்கத்தில் வந்தது.

"குடுத்துத் தொலைன்னு நான்தானே சொன்னேன்?"

"மூணு தடவை சொன்னே, அக்கா."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீ பேசினாத்தானே!"

மடிப்பக்கா தங்கையின் விரல்களைச் சேர்த்துப் பிடித்தாள். "மன்னிச்சிருடி."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "கேக்காம குடுத்தது என் தப்பும்தான்."

விரிப்பு கோணலாகத்தான் மடிந்தது. மடிப்பக்கா அதைப் பிரிக்காமல் அப்படியே அடுக்கில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வரிசை எழும்பியபோது அவள் குடையைத் தேடவில்லை.

திங்கட்கிழமை சாந்தசொரூபி கேட்டாள்: "மாத்திக்கிட்டது போதுமா?"

"போதும். ஆனா மதியம் உக்கார்றதை நானே வெச்சுக்கறேன். நல்லாத் தூக்கம் வருது."