ஐந்தாம் மாடியில் அம்மா

சர்ச்சில் அம்மாவுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். எந்தப் பாட்டானாலும் பாடகர் குழுவுக்கு அரையடி முன்னால் ஓடிக்கொண்டிருப்பாள். ஆர்மோனியம் வாசிப்பவர் வைத்த பெயர் அது. கொஞ்சம் மெதுவாகப் பாடும்படி அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நீங்கள் கொஞ்சம் வேகமாக வாசிக்கலாமே என்று இவள் திருப்பிக் கேட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம் அது. ரத்தம் பட்ட விரிப்புகளை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்பாள். அப்பா பஸ் ஓட்டினார். எனக்குப் பதினொன்று, தம்பிக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அதன்பிறகு அம்மாவுக்கு ஆறு நாள் சலவைக்கூடம், ஏழாம் நாள் சர்ச். இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சின் ஓரம் அவளுடையது. வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கச் சொல்ல மாட்டாள். பக்கத்தில் போய் நிற்பாள், அவ்வளவுதான். அவர்களாகவே நகர்ந்துவிடுவார்கள்.

அவள் ஓய்வு பெற்ற வருடம் தம்பிக்குப் பெண் பிறந்தது. அவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று மாதம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். சின்னப் பெட்டி ஒன்றோடு போனவள் பன்னிரண்டு வருடம் அங்கேயே இருந்துவிட்டாள். அவள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு இரண்டாம் வருடமே வேறு ஆள் வந்தாயிற்று. பேத்தி முதலில் சொன்ன வார்த்தை, முதலில் வைத்த அடி எல்லாம் அம்மா பார்த்து, மாலையில் மற்றவர்களுக்குச் சொன்னவை.

தம்பி வீடு ஐந்தாம் மாடி. லிஃப்ட் நின்றுபோய் நான்கு வருடம். ‘பழுது’ என்று எழுதிய அட்டையே பழுதாகி, இரண்டாவது அட்டை மாட்டியிருந்தார்கள். அம்மாவின் முழங்காலும் அதே சமயத்தில்தான் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஈரத்தரையில் நின்ற வருடங்கள் சும்மா விடுமா? ஒருநாள் தனியாக இறங்கப் போய் இரண்டாம் மாடியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதிலிருந்து தம்பி வெளியே போகும்போதெல்லாம் கதவைப் பூட்டிவிட்டுப் போனான். கொடுமைக்காரன் இல்லை அவன். அம்மா சாப்பிடாமல் அவனுக்குச் சோறு இறங்காது. பயம், வேறொன்றுமில்லை. அவசரத்துக்கென்று ஒரு சாவி என்னிடம் தந்திருந்தான். என் வீட்டிலோ ஒரே அறை, நாலு பேர். அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

மாதம் ஒருமுறை போதகர் படியேறி வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். அம்மா பக்தியோடு வாங்கிக்கொள்வாள். அவர் போனபிறகு என்னிடம், ஜெயிலுக்குச் சாப்பாடு வந்த மாதிரி இருக்கிறது என்றாள்.

தம்பி குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிறு, காலை ஆறரைக்கு அம்மா போன் செய்தாள்.

“சாவிய எடுத்துட்டு வா.”

“ஏம்மா, உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. சர்ச்சுக்குப் போகணும்.”

நான் போய்த் திறந்தபோது இஸ்திரி போட்ட வெள்ளை உடையில், வேதப்புத்தகம் மடியில் இருக்க, தயாராக உட்கார்ந்திருந்தாள். மொத்தம் தொண்ணூறு படி. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கைகளை ஊன்றி அடுத்த படிக்கு இறங்கினாள். நான் ஒரு படி கீழே இருந்து அவள் காலைத் தாங்கிக்கொண்டேன். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கியது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன்.

“ஏறத்தான் முடியாது. இறங்க முடியும்.”

ஒன்றேகால் மணி நேரமானது. டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கையைப் பிடித்து நலம் விசாரித்தவர்களுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நேராகத் தன் பெஞ்சுக்குப் போனாள். கண்ணைக்கூட மூடவில்லை. முன்னால் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன ஜெபம் செய்தாய் என்று கேட்டேன்.

“இத்தன வருஷமா உங்களுக்காகவே கேட்டாச்சு. தம்பிக்கு வேலை, உனக்குக் கொழந்த, பாப்பாவுக்கு ஆஸ்துமா. இன்னைக்கு எனக்குன்னு ஒண்ணு கேட்டேன்.”

“என்னது?”

“கீழ் வீடு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

திரும்பி வந்ததும் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலே வரமாட்டேன் என்றாள். மன்றாடினேன், கோபித்தேன், கடைசியில் தம்பிக்கு போன் செய்தேன். அவன் கல்யாணச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடி வந்தான். முதலில் என்மேல் பாய்ந்தான். விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது, உன்னை நம்பியா சாவி கொடுத்தேன் என்றான். பிறகு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

“மேல வாம்மா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். நானும் மனுஷங்களப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெயில் தாழும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். என் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போக வேறு இடமில்லை என்பது மூவருக்குமே தெரியும். தம்பியும் காவலாளியும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அப்போதுதான் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் தம்பி தன் சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். கதவு அதற்குப்பின் பூட்டப்படவில்லை. ஆனால் அந்தத் தொண்ணூறு படி முழங்காலில் மிச்சமிருந்ததையும் தின்றுவிட்டது. நிலைப்படிவரைதான் அவளால் வர முடிந்தது. அங்கே நாற்காலி போட்டு உட்காருவாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா துணியும் ஊசியுமாகத் தன் வாசலுக்கு வந்து உட்காருவாள். இருவரும் ஊர்க்கதை பேசுவார்கள். தம்பி கீழ் வீடு தேடிக்கொண்டிருந்தான். ஒன்றில் சுவரெல்லாம் ஈரம், இன்னொன்று பள்ளிக்கூடத்துக்குத் தூரம். தேடுகிறேன் என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. பதினோரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை நண்பகலில், தையல்காரம்மா ஏதோ கேட்டதற்கு அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர் நன்றாகத்தான் பேசினார். பொறுமைக்கு இந்தச் சகோதரியைப்போல் ஒரு முன்மாதிரி கிடையாது என்றார். பக்கத்தில் நின்ற தம்பி என் காதருகே குனிந்தான்.

“பொறுமையா? நம்ம அம்மாவா?”

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அதே நிலையில்தான் இருந்தேன். போதகர் பேசி முடிக்கும்வரை இருவரும் தலை நிமிரவில்லை.