பிளக்காருக்குள் ஒரு அண்ணா

மேம்பாலத்தில் மெத்ரோ ஓடும்போதெல்லாம் எங்கள் வீட்டு அலுமாரிக் கதவு மெல்ல நடுங்கும், பிறகு தானாகவே ஒரு விரல் அளவுக்குத் திறந்துகொள்ளும். அந்த இடுக்கின் வழியாகப் பூச்சியுருண்டையும் மிளகாய்த்தூளும் ஈரக் கம்பளியும் கலந்த மணம் அறைக்குள் வந்து பரவும். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பேலில், தமிழ்க் கடைகள் நெருங்கி நிற்கும் தெருவுக்குப் பின்னால், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது அந்த ஒற்றை அறை வீடு. சுவரோடு சேர்த்துக் கட்டிய அந்த அலுமாரியை அப்பாவும் அம்மாவும் பிரெஞ்சுச் சொல்லாலேயே "பிளக்கார்" என்பார்கள். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அதற்குள் எனக்கு ஒரு அண்ணா இருந்தார்.

அவருக்கு வேறு பெயர் கிடையாது, "பிளக்கார் அண்ணா" தான். என்னைவிடக் கொஞ்சம் பெரியவர். எல்லாரும் வெளியே போன பிறகுதான் சாப்பிடுவார். பள்ளிக்கூடம் போக மாட்டார், ஏனென்றால் அவரிடம் "பேப்பர்" இல்லை. நாட்டில் தங்குவதற்கான அனுமதிப் பத்திரத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஊற்றிக் கொடுத்த தேநீர் ஆறிப்போகும்வரை அதைப் பற்றியேதான் கதைத்தார்கள் என்பதால், அது இல்லாதவர் சத்தம் போடாமல் இருக்க வேண்டியவர் என்பது மட்டும் விளங்கியிருந்தது.

இந்த அண்ணா எங்கிருந்து வந்தார் என்று சொல்வதற்கு, அவருக்கு முன்னால் உண்மையாகவே எங்களோடு இருந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். ரூபன் அண்ணா, பெரியப்பாவின் மகன், ஒரு குளிர்காலம் முழுவதும் எங்கள் அறையில் தங்கியிருந்தார். பிளக்காரின் முன்னால் மெத்தை விரித்துப் படுப்பார். அவருடைய பெட்டி பிளக்காருக்குள் இருக்கும். எனக்குச் சீட்டியடிக்கச் சொல்லித் தந்தவர் அவர். என் பிரெஞ்சைக் கேட்டு அதே ராகத்தில் அர்த்தமில்லாத சொற்களைக் கொட்டி என்னைச் சிரிக்க வைத்தவரும் அவர்தான். அம்மா என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே தினமும் சொல்வார்: "பள்ளிக்கூடத்திலை ஆரும் கேட்டா, வீட்டிலை நாங்கள் மூண்டு பேர் எண்டு சொல்லோணும். விளங்கிச்சோ?"

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பெட்டியைக் காணவில்லை.

"ரூபன் அண்ணா எங்கை?"

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. "ரூபன் எண்டு ஒருத்தரும் இஞ்சை இருந்தவரில்லை. இனிமேல் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது."

அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. படியில் யாருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டாலும் கதவுக்கு ஓடுவேன். பிளக்காரைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். அப்படித் திறந்த ஒரு நாளில் உள்ளே பிளக்கார் அண்ணா உட்கார்ந்திருந்தார்.

நான் அவரைப் பற்றி வீட்டில் சொன்னபோது அப்பா மிகவும் மகிழ்ந்துபோனார். உணவகத்தில் கோப்பை கழுவி நீரில் ஊறிப்போன கைகளோடு வந்து உட்கார்ந்தவுடனேயே "கொண்ணர் சாப்பிட்டவரோ?" என்று என் அண்ணாவைப் பற்றிக் கேட்பார். ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பிளக்காருக்குள் வைப்பார். நான் முகம் கழுவித் திரும்பி வருவதற்குள் அதைத் தானே சாப்பிட்டுவிட்டு, "பார், கொண்ணர் முடிச்சிட்டார்" என்பார். என் அண்ணா நான் சொன்னதைத்தான் செய்வார். நான் அவரைப் பிஸ்கட் சாப்பிட வைக்கவே இல்லை. பிறகு யார் சாப்பிட்டது? அப்பா அன்போடு செய்த அந்தக் குறும்பு, நான் பயமில்லாமல் வைத்திருந்த ஒன்றின் மேல் முதல் பயத்தைக் கொண்டுவந்து போட்டது. என்னைவிட அதிகமாக அப்பா அண்ணாவை நம்புவது போலிருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா நேர்மாறு. "பொய் சொல்லுற வாய்க்கு மிளகாய்த்தூள்தான்" என்று ஒரே வசனம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் வாசற்கதவைத்தான் பார்ப்பார். எனவே அண்ணாவைப் பற்றிப் பேச எனக்கு எஞ்சியிருந்த இடம் பள்ளிக்கூடம்.

யார் யாருக்குச் சகோதரர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு காலையில் ஆசிரியை கேட்டார். கையை உயர்த்தினேன். எனக்கு ஒரு அண்ணா, பிளக்காருக்குள் இருக்கிறார், பேப்பர் இல்லாததால் வெளியே வருவதில்லை, எல்லாரும் போன பிறகுதான் அவருக்குச் சாப்பாடு என்று நல்ல பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள், ஆசிரியை சிரிக்கவில்லை. இடைவேளையில் என்னைத் தனியாக அழைத்து, என் உயரத்துக்குக் குனிந்து, எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னார். அவ்வளவு கவனமாக நான் சொல்வதை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில், சில நாட்களில் அவருக்குக் குளிரும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை, பள்ளி இல்லாத நாளில், பிற்பகல் வேளையில் கதவு தட்டப்பட்டது. உயரமான ஒரு பெண், நனைந்த மேலங்கியோடு நின்றார். குழந்தைகளின் நலனைக் கவனிக்கும் சமூகப் பணியாளர் என்று சொன்னார். அப்பா வேலையில் இருந்தார். அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு, வணக்கமும் நன்றியும் வேலை செய்யும் வீடுகளில் துடைக்க வேண்டிய பொருட்களின் பெயர்களும்தான். எனவே மொழிபெயர்க்கும் வேலை, எப்போதும் போல, எனக்கு வந்தது.

"வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

"மூண்டு பேர் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

"மூன்று பேர் என்று சொல்லச் சொல்கிறார்" என்று நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன்.

அந்தப் பெண் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுருட்டிய மெத்தையில் அவருடைய பார்வை கொஞ்சம் தங்கியது. பிறகு பிளக்காரைத் திறக்க முடியுமா என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "பிளக்கார்" என்ற சொல்லிலேயே அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவை முழுக்கத் திறந்துவிட்டார். போர்வைகள், அரிசிப்பை, குளிர்காலக் கோட்டுகள். வேறொன்றுமில்லை.

அந்தப் பெண் என் அருகில் தரையில் உட்கார்ந்தார். "உன் அண்ணா இப்போது எங்கே?"

"நீங்கள் வந்ததால் வெளியே போய்விட்டார்."

"எந்த வழியாக?"

"பிளக்காருக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது."

அவர் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன். சிறுவர்கள் விளையாட்டில் பேசும் பிரெஞ்சில் அவர் கேட்டார்: இந்த அண்ணா நிஜத்துக்கா, பொய்க்கா?

"பொய்க்குத்தான்" என்றேன். இதைப் போய் ஒரு பெரியவர் கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"என்ன கேட்டவ? நீ என்ன சொன்னனீ?" அம்மா பதறினார்.

"அண்ணா உண்மைக்கோ பொய்க்கோ எண்டு கேட்டவ. பொய்க்கு எண்டு சொன்னனான்."

"உனக்குத் தெரியுமே அது பொய்க்கு எண்டு?"

"ஓம்."

"பிறகேன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே அம்மா."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகவும் மென்மையாக இன்னொன்று கேட்டார். அதை அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன், ஏனென்றால் அதற்கான பதில், சொல்லக் கூடாத அந்தப் பெயர்தான்.

"முந்தி உண்மையா ஒரு அண்ணா இருந்தவரோ எண்டு கேக்கிறா."

அம்மா இல்லை என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். அந்தப் பெண் போய்விடுவார், ரூபன் அண்ணாவைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அம்மாவின் விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தன. பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார், நீண்ட நாட்களுக்குப் பிறகு கதவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஓம் எண்டு சொல்லு. இருந்தவர், போயிட்டார் எண்டு சொல்லு. பிள்ளை அவரைத் தேடுறாள் எண்டும் சொல்லு."

நான் அழுதுகொண்டே மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் அவர் யார், எங்கே போனார் என்று எதுவும் கேட்கவில்லை. அம்மா கொடுத்த தேநீரை முழுக்கக் குடித்துவிட்டு, பிள்ளையோடு பேசுங்கள் என்று மட்டும் சொல்லிப் படியிறங்கிப் போனார். சில வாரங்கள் படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா திடுக்கிட்டுக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை.

அன்று கதவை மூடியதும் அம்மா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ரூபன் அண்ணா லண்டனுக்குப் போயிருக்கிறார், பத்திரமாகச் சேர்ந்துவிட்டார் என்று சொன்னார். "உனக்குச் சொன்னா நீ வெளியிலை சொல்லிப்போடுவாய் எண்டு பயந்திட்டன், பிள்ளை." சற்று நேரம் கழித்து, கூச்சத்தோடு, முதன்முதலாகக் கேட்டார்: "உன்ரை மற்ற அண்ணா, அந்தத் தெருவிலை என்ன செய்யிறவர்?"

அப்பா வேலை முடிந்து வரும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பிள்ளைகள் நடக்காத ஒன்றைச் சொன்னால் என்ன செய்வது என்று என் வயதுப் பெற்றோர் இப்போது அடிக்கடி கேட்டுக்கொள்கிறார்கள். அடக்குவதா, கூடவே ஆடுவதா? இரண்டையும் அனுபவித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்: அது பிள்ளையின் கையில் இருக்கட்டும், நாம் பிடுங்கவும் வேண்டாம், வாங்கி நடத்தவும் வேண்டாம், கேட்டால் போதும். ஆனால் கேட்பதற்கு நேரம் மட்டும் போதாது. கிடைக்கும் பதிலைத் தாங்குவதற்கு ஒரு துணிவும் வேண்டும். அம்மாவுக்கு அன்று அது எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தக் கட்டடத்தைச் செப்பனிட்டுவிட்டார்கள். எங்கள் அறையின் பக்கச்சுவரை இடித்துப் பக்கத்து வீட்டோடு சேர்த்துவிட்டதாகக் கேள்வி. ரூபன் அண்ணா லண்டனிலேயே குடும்பமாகி, நரைத்துப்போய், தொலைபேசியில் வானிலையைப் பற்றிப் பேசுகிறார். பிளக்கார் அண்ணா எந்த நாளில் போனார் என்பதை நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் நினைத்துப் பார்த்தபோது அவர் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

இப்போது நாங்கள் நகருக்கு வெளியே, எபினேயில் இருக்கிறோம். சென்ற வாரம் என் மகள், நான் கைப்பேசியில் அலுவலக மின்னஞ்சல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கட்டடத்தின் லிஃப்டுக்குள் ஒரு திமிங்கிலம் படுத்திருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். "அப்பிடியோ, கெட்டிக்காரி" என்றேன், தலை நிமிராமல். அவள் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கைப்பேசியை வைத்துவிட்டு, அதற்கு யார் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாருமில்லை" என்றாள். "அதனால்தானே உங்களிடம் வந்து சொன்னேன்."