பூச்சாண்டிக்கு அப்பா பயந்ததில்லை

பூச்சாண்டி எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறார், அவர் என் அப்பாவேதான் என்று சின்ன வயதில் உறுதியாக நம்பினேன். காரணம் இருந்தது. சோமனூரில் விசைத்தறி ஓட்டிய முருக பக்தர் குடும்பம் எங்களுடையது. அம்மா சோற்றுக் கிண்ணத்தோடு, "உண்ணுலீன்னா பூச்சாண்டி வந்து புடிச்சிக்குவான்" என்று சொல்லி வாய்கூட மூடியிருக்கமாட்டார். தலையிலிருந்து கால்வரை தறிப்பஞ்சு அப்பி, வெள்ளை வெளேரென்று ஓர் உருவம் கதவைத் திறந்துகொண்டு வந்தது. நான் கட்டிலுக்கடியில் போய்விட்டேன்.

அப்பா குனிந்து பார்த்தார். "பூச்சாண்டின்னா ஆருன்னு நெனச்சே கண்ணு? ஒடம்பெல்லாந் திருநீறு பூசுன ஆண்டி. நம்ம பழனியாண்டி. அவருக்குப் போயி ஆராச்சும் பயப்படுவாங்களா?"

அந்தச் சொல்லுக்கு வேறு விளக்கங்களும் உண்டென்று பின்னாளில் அறிந்தேன். அப்பாவுக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. தறியை விற்றுத் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆர்டர் நின்று பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பியபோதும், "சும்மா பூச்சாண்டி காட்டறாங்க. மிசினு நின்னா நாமளும் நிக்கோணுமா?" என்று சொல்லிவிட்டு, மறுநாளே வேறு கம்பெனி தேடிப் போனவர் அவர்.

தன் கடைசித் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவதாக அறிவித்தார். இதயம் பலவீனம். நின்று நின்று போகலாம் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார், நான் ஒப்பவில்லை. பாதி வழியிலேயே அப்பாவை இழந்துவிடுவோம் என்று முடிவே கட்டிவிட்டேன். குளுக்கோஸ், பிரஷர் மிஷின், மடக்கு நாற்காலி, இரண்டு குடை, எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

"ஏனுங்கப்பா, மூச்சு வாங்குதுங்களா?"

"எனக்கில்ல கண்ணு. உனக்குத்தான் வாங்குது."

"செத்த உக்காருங்கப்பா, நாற்காலி இருக்குதுங்க."

"நீயே உக்காரு. மூட்டையப் பாத்தா பழனிக்கு நடக்கறவனாட்டவா இருக்குது? ஊட்டக் காலி பண்றவனாட்ட இருக்குது."

கூட நடந்த வீரபாண்டி ஊர்ப் பங்காளிகளுக்கும், வழியெங்கும் நீர்மோர் தந்தவர்களுக்கும், அப்பாவை அடக்காமல் வழிநடத்திய டாக்டருக்கும், துக்கத்தில் எங்களோடு நின்ற உங்கள் அனைவருக்கும் இந்த முதலாண்டு நினைவில் கைகூப்புகிறோம்.

நான் பயந்தது எதுவும் வழியில் நடக்கவில்லை. தாராபுரம் தாண்டி மயங்கி விழுந்தது நான். என்னையும் மூட்டையையும் பங்காளி ஒருவரின் வேனில் ஏற்றிவிட்டு, அப்பா பழனிவரை நடந்தார்; மலையும் ஏறினார். அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு மத்தியானம், சோறு உண்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் எழவில்லை.