கை நுழையாத இடம்

கல்கத்தா கிடர்பூர் கப்பல் பட்டறையில் என்னோடு வரைபடம் போட்டவள், அதே ஊரின் லேக் கார்டன்ஸ் பகுதித் தமிழ்ப் பெண். என்னை வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி ‘தாதா’ என்றுதான் கூப்பிடுவாள். எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் டேப்பை எடுத்துத் தன் முழங்கையை அளப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் நான் வரைந்த கப்பலின் அடிப்பகுதியைப் பார்த்தாள்.

“கணக்கெல்லாம் சரிதான் தாதா. ஆனா இந்த ரெண்டு தகட்டுக்கு நடுவுல வெல்டர் கை எப்படிப் போகும்? பாதி வெல்டிங்தான் நடக்கும்.”

பாதி வெல்டிங் என்றால், நடுக்கடலில் விரிசல். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது.

சத்தமில்லாமல் திருத்தினேன். மேலதிகாரி அந்தத் திருத்தத்தைப் பாராட்டியபோது, “நானே கவனிச்சேன் சார்” என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

“ஆமா சார், தாதாதான் பார்த்தார்” என்றாள், டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

வரைபடத்தையாவது திருத்திக்கொண்டேன். அவளுடைய அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.