ஸ்டவ்வண்ணனின் புது அடுப்பு

ஸ்டவ்வண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். மீன்பிடிப் படகில் மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ்வோடு மல்லுக்கட்டியே நரைத்துப்போன மனுஷன். கடல் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு கையால் சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பம்படிப்பார். நிமிர்ந்து நிற்க முடியாத அடுப்பறை. புகை முழுக்க அவர் நெஞ்சுக்குள்தான் போகும்.

படகு கூடப்பிறந்த தம்பியுடையது. "காஸ் போட்டுக் குடுடா, இந்தப் புகை என்னத் தின்னுடும்" என்று வருஷக்கணக்காகக் கெஞ்சினார். வலைக்குக் காசு இருக்கும், எஞ்சினுக்கு இருக்கும், அண்ணன் நெஞ்சுக்கு மட்டும் இருக்காது. கடைசியில் மண்ணெண்ணெய் விலை எகிறியபோது தம்பிக்கு மனசு இளகியது. அண்ணனுக்காக இல்லை.

மாற்றிக் கொடுக்க ஒரு மெக்கானிக் வந்தார். சிலிண்டரை மேல்தளத்தில் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் அடியில் கடல் பக்கமாக ஓட்டை போட்டார். "காஸு காத்தவிடக் கனம். கசிஞ்சா படகோட அடிவயித்துல போய்த் தேங்கிடும். அங்க ஒரு பொறி பட்டா, மீனுக்கு நாமதான் சாப்பாடு" என்றார்.

ஸ்டவ்வண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பழைய ஸ்டவ்வைத் தூக்கி, "போய்த் தொலை சனியனே!" என்று தண்ணீரில் வீசினார். படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மெக்கானிக் வால்வைத் திறந்தார். ஸ்டவ்வண்ணன் அடுப்பின் மேல் குனிந்து, "ஒரு வாடை வருதா பாருங்கடா! ராஜா வீட்டு அடுப்புடா இது!" என்றார்.

படியில் நின்ற தம்பி மூக்கைப் பொத்தினான். "விளையாடாதண்ணே. அழுகின முட்டையாட்டம் நாறுது."

"எங்கடா நாறுது?"

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை. இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினார். ஸ்டவ்வண்ணனின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நுரை குமிழி விட்டது. வால்வை மூடினார்.

"அண்ணே, கொஞ்சம் கண்ண மூடுங்க."

மண்ணெண்ணெயில் நனைந்த துணியை அவர் முகத்தருகே பிடித்தார். "இது என்ன?"

"சோப்புத் துணிதானே?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மெக்கானிக் இணைப்பை இறுக்கிவிட்டுத் தம்பியிடம் சொன்னார்: "இவர அடுப்பு கிட்ட விடாதீங்க."

"தெனமும் நான் சோப்பு தடவிப் பாத்துக்கறேன்டா" என்றார் ஸ்டவ்வண்ணன்.

"அத்தன பேரு தூங்கற எடம்ண்ணே" என்றான் தம்பி.

"என் மூக்கு எங்கடா போச்சு? உன் படகுலதானே போச்சு?"

தம்பி கடலைப் பார்த்தான். "பழைய ஸ்டவ்வு இருந்தாலாவது ஏதாச்சும் பண்ணலாம். நீதான் வீசிட்டியேண்ணே" என்றான். அவன் வாய்க்கு அது வசதியாகப் போயிற்று.

வீட்டில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நடந்ததைச் சொன்னதும் கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"போன மழையப்ப தெரியாம ஊசிப்போன கொழம்ப ஊத்திட்டேன். நீ ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டே."

"அன்னிக்கே சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா? வேலைக்குப் போகாம இருந்திருப்பியா? உலை கொதிச்சிருக்குமா?"

அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம் என்றே வைத்துக்கொண்டார்.

மறுநாள் படகு கிளம்பும்போது துறைப் பக்கமே போகக்கூடாது என்றுதான் இருந்தார். கால் கேட்கவில்லை. துறையில் ஓரமாக நின்றார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே ஒருவன் கத்தினான்: "ஸ்டவ்வண்ணே, ஒரு டீ போடுங்க!"

"இதோ..." என்று வாயெடுத்தார்.

அதற்குள் அடுப்பறையிலிருந்து புது ஆள் தலையை நீட்டி, "சக்கர எவ்வளவுடா?" என்றான்.